மூச்சு முந்தும், கால் பிந்தும்: ‘கவுச் டு ஃபைவ் கே’யை ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

‘கவுச் டு ஃபைவ் கே’ என்பது சோபாவே கதி என்று இருப்பவரைப் படிப்படியாக ஐந்து கிலோமீட்டர் ஓட வைக்கும் பயிற்சித் திட்டம். ஒன்பது வாரத் திட்டம் என்றுதான் பெயர். எனக்கு முடிக்க ஐந்து மாதத்துக்குப் பக்கமாக ஆனது. முடித்த பிறகும் அதைக் கைவிடவில்லை, வேறு மாதிரி பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன். நாற்பதைத் தாண்டி, பல வருடம் உடம்பை அசைக்காமல் இருந்துவிட்டு இப்போது தொடங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

எனக்கு வயது 43. பெங்களூரு அல்சூரில் வீடு, கணக்கு வேலை. கல்லூரியில் கோ-கோ ஆடியவள். அப்புறம் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வருடாவருடம் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு என்று பத்துப் பன்னிரண்டு வருடம் நாற்காலியிலேயே போனது. ஒரு பரிசோதனையில் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. டாக்டர் இசிஜி எடுத்து, பிபி பார்த்து, “ஓடலாம்மா, ஆனா பேச்சு வர்ற வேகத்துல ஓடுங்க” என்றார். இந்த வயதில், அதுவும் பிபியோ சர்க்கரையோ இருக்கிறவர்கள், இந்த ஒரு படியை மட்டும் தாண்டிக் குதிக்க வேண்டாம். ஓடும்போது நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது இடது கையில் வலி, தலைசுற்றல் எது வந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். 1996-இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. ஐம்பது வயதைத் தாண்டியிருந்த தன் அம்மாவை ஓட வைக்கத்தான் இதைப் போட்டார். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிட வேக நடையோடு ஆரம்பம். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, இப்படியே இருபது நிமிடம். வாரம் ஏற ஏற ஓட்டம் நீளும், நடை குறையும். ஒன்பதாவது வாரம் நிற்காமல் முப்பது நிமிடம். பணம் கேட்காத செயலிகளே இருக்கின்றன. காதில் ஒரு குரல் “இப்போது ஓடு, இப்போது நட” என்று சொல்லும். நான் ஒரு காதில் மட்டும்தான் மாட்டிக்கொள்வேன். பின்னால் வருவது ஸ்கூட்டரா நாயா என்று இன்னொரு காதுக்குத் தெரிய வேண்டும்.

முதல் வாரத்தில் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மா, ஓடுறே, நிக்கிறே, மறுபடி ஓடுறே. எதையாச்சும் தொலைச்சிட்டியா?”

“இல்ல பாட்டி, ஒரு நிமிஷம் ஓடணும், ஒன்றரை நிமிஷம் நடக்கணும்.”

“யாரு சொன்னது?”

காதைத் தொட்டுக் காட்டினேன். “சரி சரி, சொல்பேச்சு கேட்டா நல்லதுதான்” என்றார்.

முழுக்கக் கேட்பது நல்லதா என்பதுதான் எனக்கு இத்தனை மாதத்தில் எழுந்த கேள்வி. முதல் நான்கு வாரம் திட்டம் சொன்னபடியே நடந்தது. ஆச்சரியமாக இருந்தது. முதல் நாள் அறுபது விநாடிக்கே நாக்குத் தள்ளியவளுக்கு நான்காம் வாரம் ஐந்து நிமிட ஓட்டம் வந்துவிட்டது. இதற்குக் காரணம் உண்டு. ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளுகிறது, சில வாரங்களில் தசைச் செல்களுக்குள் ஆற்றல் தயாரிக்கிற பகுதிகள் பெருகுகின்றன. உடல்திறன் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ, அதே மாதிரி சீக்கிரம் வரவும் செய்கிறது. 1966-இல் அமெரிக்காவின் டல்லஸில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். அவர்களின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் மளமளவென்று சரிந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, அந்த முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட அன்றைய மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. ஆனால் அன்று படுக்கையை விட்டு எழுந்து பயிற்சி செய்ததும் திறன் திரும்பி வந்தது, பழையதைவிடக் கூடவே.

கால் விஷயம் வேறு. தசைநாரும் எலும்பும் பாரத்துக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சுக்கு நான்கு வாரம் போதும், குதிகாலுக்குப் போதாது. திட்டம் மூச்சை மட்டும் பார்த்து அடுத்த படிக்குத் தள்ளுகிறது. ஐந்தாம் வாரத்தின் மூன்றாவது நாள் இதற்கு நல்ல உதாரணம். அதற்கு முந்தைய நாள் எட்டு நிமிட ஓட்டம் இரண்டு, நடுவில் ஐந்து நிமிட நடை. அடுத்த முறை ஒரே மூச்சில் இருபது நிமிடம்! இந்தத் திட்டத்தைச் செய்தவர்கள் எல்லோரும் பயப்படுகிற நாள் இதுதான். மூச்சு தாங்கியது, சந்தோஷத்தில் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். அந்த வாரக் கடைசியில், காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைத்த முதல் அடியே குதிகாலில் ஆணி இறங்கின மாதிரி இருந்தது. பத்து அடி நடந்தால் குறைந்துவிடும், மறுநாள் காலை மறுபடி வரும். பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல் வரை போகிற பட்டையான நாரில் வரும் வலி இது.

பிசியோதெரபிஸ்ட் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை, இரண்டு வாரம் பின்னால் போகச் சொன்னார். கூடவே ஒரு பயிற்சி. மாடிப்படி ஓரத்தில் முன்பாதம் மட்டும் ஊன்றி, விரல்களுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, மூன்று எண்ணிக்கையில் குதிகாலை உயர்த்தி, இரண்டு எண்ணிக்கை நிறுத்தி, மூன்று எண்ணிக்கையில் இறக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். செய்து பாருங்கள், ஆடுசதை நடுங்கும். வலி முழுதாகப் போக இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்தது.

அதிலிருந்து என் முறை மாறிவிட்டது. ஒவ்வொரு வாரத்தையும் இரண்டு தடவை செய்வேன். ‘மூச்சு வாங்கவில்லையே, அடுத்ததுக்குப் போகலாமே’ என்று தோன்றினாலும் போக மாட்டேன். ஓடாத இரண்டு நாளில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் தண்டால், குதிகால் உயர்த்தல். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்றுதான் சொல்கிறது. இந்தத் திட்டத்தில் அந்த இரண்டாவது பாதி கிடையவே கிடையாது. என்னைக் கேட்டால் இதன் பெரிய குறை அதுதான்.

இன்னொரு சின்ன ஏமாற்றம், முப்பது நிமிடம் ஓடினால் ஐந்து கிலோமீட்டர் வந்துவிடாது. அதற்கு ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும். எனக்கு முப்பது நிமிடத்தில் மூன்றரை கிலோமீட்டர்தான் வருகிறது. பெயரில் இருக்கும் ஐந்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது உத்தமம்.

கைக்கடிகாரம் பற்றியும் கேட்பீர்கள். தம்பி பரிசாகக் கொடுத்தது, பச்சை விளக்கு மின்னி நாடி பார்க்கிற ரகம். ஆரம்பத்தில் மெதுவாக ஓடும்போதே துடிப்பு 170 என்று காட்டிப் பயமுறுத்தியது. பட்டை தளர்வாக இருந்தால் அது நாடியை விட்டுவிட்டு நம் காலடித் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும்; நிமிடத்துக்கு 160, 170 அடி வைப்பது சாதாரணம், அதையே துடிப்பாகக் காட்டும். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே தள்ளி இறுக்கிக் கட்டியதும் சரியானது. காலடி எண்ணிக்கையை நான் பார்ப்பதே இல்லை, பழைய மெட்ராஸ் ரோட்டில் ஆட்டோவில் போனாலே ஏறுகிறது. முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்ப்பதே எனக்குப் போதுமான அளவுகோலாக இருக்கிறது. தனியாக ஓடுவதால் பிள்ளைகளின் வாய்ப்பாட்டை முணுமுணுப்பேன். பதினேழாம் வாய்ப்பாடு தடுமாறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். (தடுமாற வேறு காரணமும் இருக்கலாம்.)

பெங்களூரில் ஓடுவதற்கு வானிலை நன்றாகவே ஒத்துழைக்கும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், ஏப்ரலிலும் விடிகாலை தாங்கும். நடைபாதைதான் எதிரி. கல் பலகை தூக்கிக்கொண்டிருக்கும், நடுவில் டிரான்ஸ்பார்மர் நிற்கும். அதனால் வார நாட்களில் வீட்டுக்குப் பக்கத்தில் அல்சூர் ஏரி, திருவள்ளுவர் சிலை இருக்கிற பக்கம். சில நாள் தண்ணீர் நாற்றம் அடிக்கும், அன்று திரும்பிவிடுவேன். விடுமுறை நாட்களில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் கப்பன் பார்க். உள்ளே மூங்கில் புதர்களுக்கு நடுவே மண் பாதை இருக்கிறது. குதிகால் வலித்த மாதங்களில் தார் ரோட்டைவிட இதுதான் எனக்குச் சுகமாக இருந்தது. லால்பாகும் போய்ப் பார்த்தேன். அந்தப் பழம்பாறை ஏற்றம் ஆரம்பக்காரர்களுக்கு வேண்டாம், நடந்து ஏறலாம். இருட்டு பிரியாமல் பெண்கள் தனியாகப் போவது பற்றி எல்லோரும் எச்சரித்தார்கள். நான் வெளிச்சம் வந்தபிறகே கிளம்புகிறேன். அதனால் மதியச் சாப்பாடு கட்டுவது கணவர் பொறுப்பாகிவிட்டது, இதுவும் ஒரு லாபம்.

காலணி மாலை நேரத்தில் வாங்குங்கள், கால் சற்று வீங்கியிருக்கும். முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். விலை உயர்ந்ததற்கும் நடுத்தரத்துக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

எடை? மூன்று கிலோவோடு நின்றுவிட்டது. ஓட்டம் முடித்து தர்ஷினியில் (நின்றுகொண்டே சாப்பிடும் சின்ன ஓட்டல்) ஒரு காராபாத்தும் காப்பியும் சாப்பிட்டால் ஓடிக் கரைத்தது அங்கேயே சரியாகிவிடும். எச்பிஏ1சி 5.6-க்கு வந்தது. இரவுச் சோற்றையும் குறைத்திருந்தேன், எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தூக்கமும் நான்கு மாடி ஏறுவதும் ஓட்டத்தால்தான் மாறின, அதில் சந்தேகமில்லை.

இந்தத் திட்டத்தின் உண்மையான பயன் எனக்கு முடித்த பிறகுதான் தெரிந்தது. மார்ச் கணக்கு முடிப்பு, பிள்ளைகளின் தேர்வு, ஊரில் ஒரு விசேஷம் என்று இடைவெளி வந்துகொண்டேதான் இருக்கும். முன்பெல்லாம் உடற்பயிற்சி நின்றது என்றால் நின்றதுதான். இப்போது எங்கே திரும்பி ஏறுவது என்று தெரியும். ஒரு வாரம் விட்டால் விட்ட இடத்திலேயே தொடர்வேன், மூன்று நான்கு வாரம் விட்டால் நான்காம் வாரத்துக்குப் போய்விடுவேன், முதல் வாரத்துக்குப் போவதில்லை. போன மாதம் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். இப்போது ஐந்தாம் வாரத்தில் இருக்கிறேன், சனிக்கிழமை அந்த இருபது நிமிடம்.