வீட்டை டிரஸ்டின் பெயருக்கு மாற்றப் பத்திரம் தயாரித்துத் தருபவர்களிடம் எச்சரிக்கை (கலிஃபோர்னியா)

கலிஃபோர்னியாவில் வீட்டுக் கடனை ரீஃபைனான்ஸ் செய்யும்போது (பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கும்போது), குடும்ப டிரஸ்டின் (குடும்பச் சொத்தை வைத்திருக்க உருவாக்கும் அறக்கட்டளை போன்ற சட்ட ஏற்பாட்டின்) பெயரில் உள்ள வீட்டை உரிமையாளர்களின் சொந்தப் பெயருக்கு மாற்றித் தரும்படி கடன் கொடுப்பவர்கள் பலர் கேட்கிறார்கள். கடன் கைக்கு வந்த பிறகு வீட்டைத் திரும்ப டிரஸ்டுக்கு மாற்றும் வேலை பெரும்பாலும் நம் தலையில்தான் விழுகிறது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பத்திரம் எழுதுவது, நோட்டரி, கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் பதிவு ஆகிய மூன்றையும் தானே முடித்துத் தருவதாக விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் நானும் என் கணவரும் 650 டாலர் சேவைக் கட்டணம் கொடுத்தோம். கவுண்டிக் கட்டணங்களைத் தனியாக வாங்கிக்கொண்டார். அவர் செய்த வேலையால் எங்களுக்கு நேர்ந்தது மற்றவர்களுக்கும் நேரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பத்திரத்தின் முதல் பக்கத்தில் இடது மேல் மூலையில் முகவரிகள் எழுதும் இடம் உண்டு. பதிவு முடிந்ததும் அசல் பத்திரத்தை யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதையும், சொத்து வரிக் கடிதங்களை எங்கே அனுப்ப வேண்டும் என்பதையும் அங்கேதான் குறிப்பிடுவார்கள். எங்கள் பத்திரத்தில் அவர் இரண்டுக்குமே தன் அலுவலக முகவரியை எழுதியிருக்கிறார். பத்திரத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய உரிமை மாற்ற அறிக்கைப் படிவத்திலும் அதே முகவரிதான். விளைவாக, பதிவான அசல் பத்திரம் அவரிடம் போய்ச் சேர்ந்தது. அதைத் தருவதற்கு ‘கோப்புக் கட்டணம்’ என்று மேலும் பணம் கேட்டார். அதைவிடப் பெரிய கேடு, இலையுதிர் காலத்தில் வந்த வரி பில்லும் அவர் அலுவலகத்துக்கே போனது. முதல் தவணைக்கான கெடு டிசம்பர் 10. பில் வராததால் கவுண்டியின் இணையதளத்தில் தேடிப் பார்த்தபோது, கெடு முடிந்து 10 சதவீத அபராதம் ஏறியிருந்தது. பில் கைக்கு வரவில்லை என்பதைக் கலிஃபோர்னியாவில் அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் காரணமாக ஏற்பதில்லை. அந்தப் பில்லைப் பிரிக்காமல் வைத்திருந்தவருக்கோ ஒரு சதம் நஷ்டமில்லை.

அசலுக்காக அவரிடம் போய் நிற்க விருப்பமில்லாமல், கவுண்டி பதிவாளர் அலுவலகத்தில் சில டாலர்கள் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கினோம். அதைப் பழைய பத்திரத்தோடு வரி வரியாக ஒப்பிட்டபோது, சொத்து விவரத்தில் மனை எண் 14 என்று இருக்க வேண்டிய இடத்தில் 41 என்று இருந்தது. அதாவது, அந்த வரியின்படி நாங்கள் டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்திருப்பது அதே மனைப்பிரிவில் வேறொருவருடைய மனையை. நாங்கள் கையெழுத்திட்ட நாளில் நோட்டரியின் முன் வைக்கப்பட்டது கையெழுத்துப் பக்கம் மட்டுமே. சொத்து விவரத்தைப் பின்னர் இணைப்பாகச் சேர்த்துக்கொள்வதாக அவர் சொன்னார். இப்படிச் சொல்பவர் யாராக இருந்தாலும், முழுப் பத்திரமும் கைக்கு வந்த பிறகே கையெழுத்து என்று உறுதியாக நில்லுங்கள்.

இவ்வளவு பிழை இருந்தும் பதிவு எப்படி நடந்தது என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. ஊரில் சார்பதிவாளர் முன் நேரில் நின்று பத்திரம் பதிந்து பழகிய நமக்கு, அரசு முத்திரை விழுந்துவிட்டால் யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்ற எண்ணம் இயல்பாகவே வருகிறது. இங்கே கவுண்டி பதிவாளர் பார்ப்பது வடிவத்தைத்தான்: நோட்டரிச் சான்று இருக்கிறதா, கட்டணம் கட்டியாயிற்றா, தாளில் முத்திரைக்கு இடம் விட்டிருக்கிறதா. உள்ளே எழுதியிருப்பது உண்மையா, சட்டப்படி செல்லுமா என்று தீர்மானிப்பது அவர் வேலை அல்ல. நோட்டரியும் அப்படியே. 2015 முதல் கலிஃபோர்னிய நோட்டரிச் சான்றுகளின் மேலே கட்டம் கட்டி அச்சிடப்படும் வாசகமே, கையெழுத்திட்டவர் யார் என்பதை மட்டுமே இச்சான்று உறுதிசெய்கிறது, ஆவணத்தின் உண்மையையோ செல்லுபடியையோ அல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. இந்த நிலையில் பத்திரத்தின் சரி தவறு முழுவதும் அதை எழுதுபவரின் நேர்மையைச் சார்ந்தே இருக்கிறது.

பண விஷயத்திலும் அவர் நேர்மையாக நடக்கவில்லை. எந்தக் கைமாறும் இல்லாமல் சொந்த டிரஸ்டுக்கு வீட்டை மாற்றும்போது சொத்து உரிமை மாற்றத்துக்கான வரி கிடையாது. பத்திரத்தின் முதல் பக்கத்தில் அந்த வரி 0 என்றே எழுதியிருந்தவர், எங்களுக்குத் தந்த ரசீதில் அதே வரியின் பெயரில் பணம் வசூலித்திருக்கிறார். வீட்டு வசதிக்கென்று 2018 ஜனவரி முதல் ஆவணத்துக்கு 75 டாலர் வசூலிக்கப்படுகிறது. உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் அந்த விலக்கை முதல் பக்கத்திலேயே எழுதிக் கோர வேண்டும். அவர் எழுதவில்லை; அந்த 75 டாலரும் போயிற்று. நோட்டரி ஒரு கையெழுத்துக்கு அதிகபட்சம் 15 டாலர்தான் வாங்கலாம் என்பதும் எங்கள் ரசீதைப் பார்த்தால் தெரியாது.

வழக்கறிஞர் அல்லாதவர் கட்டணம் வாங்கிக்கொண்டு இத்தகைய ஆவணங்களைத் தயாரிக்க வேண்டுமானால், சட்ட ஆவண உதவியாளராகக் கவுண்டியில் பதிவு செய்து, 25,000 டாலருக்குப் பிணைப் பத்திரமும் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் ஆளின் பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லை என்று கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் சொன்னார்கள். பணம் கொடுக்கும் முன்பே பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிவு முடிந்த சில வாரங்களில் பத்திர நகல் வாங்கித் தருவதாக அரசுக் கடிதம் போன்ற தோற்றத்தில் தனியார் கடிதங்கள் வரும். அவற்றுக்கும் பணம் அனுப்ப வேண்டாம்.

எங்களுக்கு இப்போது ஒரு வழக்கறிஞர் திருத்தப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுத்திருக்கிறார். வரிக் கடிதங்களுக்கான முகவரியையும் மாற்றியாயிற்று. பழைய ஆள் மீது மாவட்ட அரசு வழக்கறிஞரின் நில மோசடிப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். அது விசாரணையில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. இதே போன்ற வேலையை யாரிடமாவது ஒப்படைத்திருப்பவர்கள், பதிவான பத்திரத்தின் நகலை இந்த வாரமே வாங்கி, இடது மேல் மூலையையும் சொத்து விவரத்தையும் பழைய பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.