ரேசிங் சிமுலேட்டர் மோட்கள்: அடுக்க எது, பகிர எது? ஓர் ஒப்பீடு

அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய சிமுலேட்டர் 2014 டிசம்பரில் வெளிவந்தது. இன்றும் அதற்கு மோட்கள், அதாவது ரசிகர்கள் உருவாக்கும் புதுக் கார்களும் டிராக்குகளும், வந்துகொண்டேதான் இருக்கின்றன. கண்ணில் பட்டதையெல்லாம் இறக்கிப் போட்டுக்கொண்டே போனால் கன்டென்ட் ஃபோல்டர் நூறு ஜிபியைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. அந்தக் கட்டத்தில் எந்தக் கார் எங்கிருந்து வந்தது, எந்தப் பதிப்பு, எதை எடுத்தால் எது உடையும் என்று சொல்ல முடியாது. லீக் (ஆன்லைன் பந்தயத் தொடர்) நடத்துபவருக்கு இது இன்னும் கடினம். இருபது பேர் கணினியிலும் ஒரே ஃபைல், ஒரு பைட்கூட மாறாமல் இருந்தாக வேண்டும்.

எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு விதி மாறாது: இறக்கிய மூல ஆர்கைவ் (ஜிப் போன்ற சுருக்கிய பொதி) ஒரு பக்கம், விளையாட்டின் ஃபோல்டர் இன்னொரு பக்கம். விளையாட்டின் ஃபோல்டரையே சேமிப்புக் கிடங்காக வைத்திருப்பவருக்கு எந்த மேனேஜரும் உதவாது. இதை மனத்தில் வைத்துத்தான் கீழே உள்ள வழிகளை எடைபோட வேண்டும்.

ஃபோல்டர் பெயர்தான் அடையாள அட்டை

அசெட்டோ கோர்சாவில் ஒரு காரின் அடையாளம் அதன் ஃபோல்டர் பெயர்தான். திரையில் தெரியும் பெயர் யூஐ ஃபோல்டரில் உள்ள ஜேசான் ஃபைலிலிருந்து வருவது. அதை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஃபோல்டர் பெயரில் கை வைத்தால் இரண்டு இடத்தில் உடையும். இயற்பியல் தகவல்கள் அடங்கிய டேட்டா.ஏசிடி ஃபைலின் பூட்டுச் சாவி அந்த ஃபோல்டர் பெயரிலிருந்தே கணக்கிடப்படுகிறது. பெயர் மாறினால் ஃபைல் திறக்காது, கார் ஏறாது. எஸ்எஃப்எக்ஸ் ஃபோல்டரில் உள்ள ஒலி நிகழ்வுகளின் பட்டியலும் அதே பெயரை நம்பியிருப்பதால் எஞ்சின் ஊமையாகிவிடும்.

இதனால் ஒரே காரின் 1.1, 1.2 பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்ட எளிய வழியில்லை. புதியது பழையதின் மேல்தான் வந்து உட்காரும். ஆர்ஃபேக்டர் 2 என்ற இன்னொரு சிமுலேட்டர் இந்த இடத்தில் நன்றாக யோசித்திருக்கிறது. அதில் மோட் ஆர்எஃப்சிஎம்பி என்ற ஒரே பொதியாக வரும். பேக்கேஜஸ் ஃபோல்டரில் போட்டு மேனேஜரில் நிறுவினால், இன்ஸ்டால்டு ஃபோல்டருக்குள் காரின் பெயர், அதற்குள் பதிப்பு எண் என்று தனித்தனியாக விரியும். இரண்டு பதிப்புகள் சண்டையில்லாமல் ஒன்றாக இருக்கும். அடுக்கும் வேலையை மட்டும் பார்த்தால் ஆர்ஃபேக்டர் 2 தெளிவாக முன்னால் நிற்கிறது. சில அப்டேட் பொதிகள் அடிப்படைப் பதிப்பு இருந்தால்தான் நிறுவப்படும் என்பதால், இடம் மிச்சப்படுத்த நினைத்து பழைய பொதியை அழித்துவிட்டால் புதியதும் வேலை செய்யாது.

கையால் காப்பி

மென்பொருள் எதுவும் தேவையில்லாத வழி. ஐந்தாறு கார் வைத்திருப்பவருக்கு இதுவே போதும். தவறு பெரும்பாலும் ஃபோல்டர் மட்டத்தில் நடக்கும். ஒரு ஆர்கைவ் கன்டென்ட் ஃபோல்டரிலிருந்து தொடங்கும், இன்னொன்று காரின் ஃபோல்டரிலிருந்து, வேறொன்று மோடர் (மோடை உருவாக்கியவர்) வைத்த ஏதோ ஒரு பெயரிலிருந்து. பார்க்காமல் விரித்தால் காருக்குள் கார் என்று ஒரு மட்டம் கூடிவிடும், பட்டியலில் கார் தெரியாது.

அடுத்தது, காரின் ஃபோல்டரை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுவது. பல மோட்கள் கன்டென்ட்டுக்குள் உள்ள ஃபான்ட்ஸ், டிரைவர், டெக்ஸ்சர் ஃபோல்டர்களிலும் ஃபைல் வைக்கின்றன. டிஜிட்டல் டாஷ்போர்டுக்கான எழுத்துரு இல்லையென்றால் ரேஸ் ஏறும்போதே விளையாட்டு விழுந்துவிடும். கார் கெட்டுப்போனதாக நினைத்து அதையே திரும்பத் திரும்ப இறக்குவார்கள். கோளாறு இருப்பது எழுத்துருவில்.

கையால் போட்டதைக் கையால் நீக்குவது இதைவிடச் சிரமம். எந்த ஃபைல் எந்த மோடோடு வந்தது என்ற பதிவு எங்கும் இருக்காது.

ஜேஎஸ்ஜிஎம்இ வகைக் கருவிகள்

ஜோன்சாஃப்ட் ஜெனரிக் மோட் எனேப்ளர் (ஜேஎஸ்ஜிஎம்இ) மிகச் சிறிய கருவி. விளையாட்டின் மூல ஃபோல்டரில் வைத்து இயக்கினால் மோட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உருவாகும். ஒவ்வொரு மோடையும் அதற்குள் தனி ஃபோல்டராக, விளையாட்டின் ஃபோல்டர் அமைப்பை அப்படியே பின்பற்றி வைக்க வேண்டும். இயக்கியதும் ஃபைல்கள் விளையாட்டுக்குள் காப்பியாகும். ஏற்கெனவே அதே பெயரில் இருந்த மூல ஃபைல் பேக்கப்புக்குப் போகும். அணைத்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

இதன் அருமை தெரிவது மூல ஃபைலை மாற்றி எழுதும் மோட்களில்தான்: தீப்பொறி, புகை டெக்ஸ்சர், பிட் குழுவின் உடை, திரை எழுத்து போன்றவை. இரண்டு மோட்கள் ஒரே ஃபைலைத் தொட்டால் கருவி முன்கூட்டியே எச்சரிக்கும். முதலில் போட்டது அ, அதன் மேல் போட்டது ஆ என்றால், ஆ-வை அணைக்காமல் அ-வை அணைக்க விடாது. ஆ-வுக்கான பேக்கப்பில் இருப்பது அ-வின் ஃபைல். வரிசை தலைகீழானால் மூலமே தொலைந்துவிடும்.

பெரிய ஆபத்து ஸ்டீம் அப்டேட். மோட்கள் இயங்கிக்கொண்டிருக்கும்போது அப்டேட்டோ ஃபைல் சரிபார்ப்போ நடந்தால், மாற்றப்பட்ட ஃபைலை ஸ்டீம் புதிய மூலத்தால் நிரப்பிவிடும். இது ஜேஎஸ்ஜிஎம்இக்குத் தெரியாது. பிறகு மோடை அணைக்கும்போது, தன்னிடம் உள்ள பழைய பேக்கப்பை எடுத்துப் புதிய ஃபைலின் மேல் எழுதிவிடும். புதிய விளையாட்டுக்குள் பழைய ஃபைல் ஒன்று ஒளிந்துகொள்ளும். அப்டேட்டுக்கு முன் எல்லாவற்றையும் அணைப்பதும், விளையாட்டைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் ஆகும்படி ஸ்டீமில் அமைத்துவைப்பதும் கட்டாயம்.

முழுக் கார்களுக்கும் டிராக்குகளுக்கும் இந்தக் கருவி வேண்டாம். காப்பி எடுப்பதால் 400 எம்பி கார் இயக்கத்தில் 800 எம்பி பிடிக்கும். ஓவிஜிஎம்இ என்ற இன்னொரு கருவி இதே வேலையைக் கொஞ்சம் விரிவாகச் செய்கிறது: மோட்களை விளையாட்டு ஃபோல்டருக்கு வெளியே, ஜிப்பாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு குழு தன் மோட் பட்டியலை வலையில் வைத்து உறுப்பினர்கள் அதிலிருந்து இறக்கும் வசதியும் உண்டு.

கன்டென்ட் மேனேஜர்

அசெட்டோ கோர்சாவுக்கு முழுக் கார், முழு டிராக் என்றால் கன்டென்ட் மேனேஜர் என்ற மென்பொருளுக்குப் போட்டியே இல்லை. ஆர்கைவை ஜன்னலில் இழுத்துப் போட்டால் உள்ளே இருப்பது காரா, டிராக்கா, ஸ்கினா (காரின் வண்ணத் தோற்றம்), எழுத்துருவா என்று தானே கண்டுபிடித்து உரிய இடத்தில் வைக்கும். கையால் காப்பியில் வரும் ஃபோல்டர் மட்டக் குழப்பம் இங்கே கிட்டத்தட்ட இல்லை. வேண்டாத காரை அணைத்தால் அது அழியாது. கார்ஸ்-ஆஃப் என்ற பக்கத்து ஃபோல்டருக்கு நகரும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே உள்ள காருக்குப் புதிய பதிப்பு வரும்போது மேலேயே எழுதுவதா, பழையதைத் துடைத்துவிட்டு நிறுவுவதா என்று கேட்கும். பலர் யோசிக்காமல் கடக்கும் இடம் இது. மேலே எழுதினால் புதிய பதிப்பில் மோடர் நீக்கிவிட்ட ஃபைல்கள் உங்களிடம் அப்படியே தங்கிவிடும். துடைத்து நிறுவினால் கார் சுத்தமாக இருக்கும், ஆனால் நீங்கள் சேர்த்துவைத்த ஸ்கின்கள் போய்விடும். ஸ்கின்ஸ் ஃபோல்டரை வெளியே எடுத்து வைத்து, துடைத்து நிறுவி, பிறகு திருப்பிப் போடுவதே சரி.

குறை என்றால், எந்த ஆர்கைவிலிருந்து எது வந்தது என்ற முழு வரலாற்றை இதுவும் வைத்திருக்காது. மூல ஆர்கைவை நீங்கள்தான் பாதுகாக்க வேண்டும். ஃபைல் பெயரில் காரின் ஃபோல்டர் பெயர், பதிப்பு, இறக்கிய தேதி மூன்றையும் சேர்த்துவிடுங்கள். ‘ஃபைனல்_2.ஜிப்’ ஒரு வருடம் கழித்து எதையும் சொல்லாது.

ஹார்ட் லிங்க், ஜங்ஷன்

இரண்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள் நாடும் வழி. ஜங்ஷன் என்பது ஒரு ஃபோல்டரை வேறு இடத்தில் வைத்துவிட்டு விளையாட்டுக்கு இங்கே இருப்பதுபோல் காட்டுவது. விண்டோஸின் எம்கேலிங்க் கட்டளையில் ஜே என்ற விருப்பத்தைச் சேர்த்தால் போதும், நிர்வாகி அனுமதிகூடத் தேவையில்லை. பெரிய டிராக்குகளை இன்னொரு டிஸ்க்குக்கு அனுப்ப நல்ல வழி.

ஹார்ட் லிங்க் ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர் வைப்பது. கூடுதல் இடம் பிடிக்காது. ஆனால் ஒரே டிரைவுக்குள்தான் நடக்கும், எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் நடக்கவே நடக்காது. கவனிக்க வேண்டியது வேறொன்று: விளையாட்டுப் பக்கத்தில் ஃபைலைத் திறந்து திருத்திச் சேமித்தால் கிடங்கில் உள்ள மூலமும் சேர்ந்து மாறிவிடலாம், ஏனென்றால் இரண்டும் ஒன்றுதான். செட்டிங் ஃபைல்களை அடிக்கடி திருத்துபவர் ஹார்ட் லிங்க் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

பகிர்வது

லீக் பந்தயத்தில் சேரும்போது சர்வர் தன்னிடம் உள்ள டேட்டா.ஏசிடி, டிராக்கின் சர்ஃபேசஸ் ஃபைல் போன்றவற்றை உங்கள் ஃபைலோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் வெளியே தள்ளும். ஆகவே கார் இருக்கிறதா என்று கேட்டால் போதாது, அதே கார் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஆர்கைவோடு, ஃபைலின் கைரேகை போன்ற அதன் எஸ்எச்ஏ-256 ஹேஷ் எண்ணையும் கொடுத்துவிட்டால் பாதி வாக்குவாதம் குறையும். விண்டோஸில் பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளையே அதைக் கணக்கிட்டுத் தரும்.

கூகுள் டிரைவ் எல்லோருக்கும் பழக்கமானது. ஆனால் ஃபோல்டராக ஏற்றினால் இறக்கும்போது அது பல ஜிப் துண்டுகளாகப் பிரியும். ஒரு துண்டை மட்டும் விரித்தவரிடம் பாதி கார்தான் இருக்கும். ஃபோல்டராக ஏற்றாமல் ஒரே ஆர்கைவாக ஏற்றுங்கள். குறுகிய நேரத்தில் பலர் இறக்கினால் அளவு மீறியதாகச் சொல்லி இணைப்பு தற்காலிகமாக நின்றுவிடும். பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இணைப்பைக் கொடுத்தால் அந்த ஒரு மணி நேரத்திலேயே இது நடக்கும். டிஸ்கார்ட் இணைப்புகள் செட்டப் ஃபைலுக்கும் ஓரிரு ஸ்கினுக்கும் மட்டும் சரி.

ஆர்கைவ் வகையும் முக்கியம். பல ஸ்கின்கள் உள்ள காரில் ஒரே டெக்ஸ்சர் பத்து ஃபோல்டரில் திரும்பத் திரும்ப வரும். சாதாரண ஜிப் 32 கேபி தூரத்துக்குள்தான் ஒற்றுமையைத் தேடும், அதுவும் ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகச் சுருக்கும். 7-ஜிப்பின் சாலிட் முறையில் அகராதி அளவை 64 எம்பி அல்லது அதற்கு மேல் வைத்தால் ஃபைல்களுக்கு இடையிலான ஒற்றுமையும் பிடிபட்டு அளவு கணிசமாகக் குறையும். அதிலிருந்து ஒரு ஸ்கினை மட்டும் எடுக்க நேரம் பிடிக்கும், அது ஏற்கத்தக்க விலைதான்.

டோரன்ட் ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்தே எடுப்பதால் கெட்ட ஃபைல் வர வாய்ப்பில்லை. பெரிய சீசன் பொதிக்குப் பொருத்தம். ஒரு ஸ்கின் மாறினாலும் புதிய டோரன்ட் உருவாக்க வேண்டும், யாராவது கணினியைத் திறந்தே வைத்திருக்கவும் வேண்டும்.

இருபது முப்பது பேர் கொண்ட நிலையான குழுவுக்கு, கணினிகளுக்கு இடையே ஃபோல்டரை ஒத்திசைக்கும் மென்பொருளான சிங்க்திங்தான் சிறந்தது என்பது எங்கள் கணிப்பு. நிர்வாகி கணினியில் அனுப்ப மட்டும், மற்றவர்களிடம் பெற மட்டும் என்று அமைத்துவிட்டால், கிடங்கில் போட்டது எல்லோருக்கும் தானாகப் போய்ச் சேரும். மாறிய துண்டுகள் மட்டுமே பயணிக்கும். ஆனால் அதை நேராக விளையாட்டு ஃபோல்டரோடு இணைத்துவிடாதீர்கள். நிர்வாகி ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால் இருபது பேர் கணினியிலும் அது அழியும். ஆர்கைவ் கிடங்கை மட்டும் இணைத்து, பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியைப் பெறுபவர் பக்கத்தில் இயக்கிவைக்க வேண்டும்.

ஸ்டீம் ஒர்க்‌ஷாப் ஆர்ஃபேக்டர் 2-க்கு உண்டு, அசெட்டோ கோர்சாவுக்கு இல்லை. சந்தா போட்டால் போதும் என்ற வசதியே அதன் சிக்கலும்: மோடர் புதிய பதிப்பை ஏற்றிய இரவே எல்லோருக்கும் அது வந்துவிடும், சர்வர் பழையதிலேயே இருக்கும்.

யார் வருவார் என்று தெரியாத திறந்த சர்வருக்கு, சர்வரின் சிஎம்_கன்டென்ட் ஃபோல்டரில் உள்ள கன்டென்ட்.ஜேசான் ஃபைலில் ஒவ்வொரு காருக்கும் டிராக்குக்கும் இறக்க வேண்டிய முகவரியையும் பதிப்பையும் எழுதிவைப்பதே நல்லது. கன்டென்ட் மேனேஜரில் சேருபவருக்கு இல்லாததை இறக்கும் வழி அங்கேயே தெரியும். காரின் யூஐ ஜேசானில் பதிப்பு எண் காலியாக இருந்தால் இந்த ஒப்பீடு பலிக்காது. பகிரும் முன் அதை நிரப்புங்கள்.

முகவரி கொடுக்கும்போது மோடர் மறுபதிவேற்றத்தை அனுமதித்திருக்கிறாரா என்று ரீட்மீயைப் படியுங்கள். அனுமதி இல்லையென்றால் அவருடைய பக்கத்துக்கே இணைப்பு கொடுங்கள், ஹேஷ் எண்ணை மட்டும் நீங்கள் சேருங்கள். மாதக்கணக்கில் உழைத்து ஒரு காரைச் செதுக்கியவருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது. அவர் சீசன் நடுவே அதே ஃபோல்டர் பெயரில் புதிய பதிப்பை வெளியிட்டால், புதுப்பித்த ஓட்டுநர்கள் அனைவரும் சர்வரில் நுழைய முடியாமல் நிற்பார்கள். அவர்களிடம் கிடங்கில் பழைய ஆர்கைவ் இருந்தால், துடைத்து நிறுவிப் பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம்.