குரூஸ் கப்பலில் ஏறுகிறீர்களா? கழுத்தில் மாட்டும் அந்தக் கார்டு மீது ஒரு கண் இருக்கட்டும்

சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு குரூஸ். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். டிக்கெட் பணம் முழுவதும் முன்பே கட்டியாகிவிட்டது, சாப்பாடும் அதில் அடக்கம். கடைசி நாள் விடியும்போது கதவிடுக்கு வழியாக ஒரு தாள் உள்ளே வந்து கிடக்கிறது: பாக்கி 540 அமெரிக்க டாலர். எட்டு மணிக்குள் இறங்கச் சொல்லி ஒலிபெருக்கி அலறுகிறது. ரிசப்ஷனில் வரிசை லிஃப்ட் வரை நீண்டிருக்கிறது. நின்று கேட்டால் விமானம் போய்விடும். தொலையட்டும் என்று இறங்கிவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். டிப்ஸ் 288, வை-ஃபை 80, பிள்ளைகள் விளையாடிய வீடியோ கேம் 65, பழரசமும் காபியும் 55, போட்டோ 40, அறையில் இருந்த இரண்டு தண்ணீர் பாட்டில் 12. இது உதாரணக் கணக்குதான். உங்கள் கப்பலில் எண்கள் மாறும், செலவு வகைகள் மாறாது. யாரும் பையில் கைவிடவில்லை. எல்லாமே எங்கோ சிறிய எழுத்தில் சொல்லப்பட்டவைதான். ஆனால் இதில் தவறாக ஏறிய தொகை ஒன்றிரண்டு இருந்தாலும், அந்தக் காலை நேரத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஏமாறுவது அங்கேதான்.

கப்பலுக்குள் பொருள் வாங்கப் பொதுவாக ரொக்கம் செல்லாது. ஏறும்போது கொடுக்கும் கார்டுதான் அறைச் சாவி, அடையாள அட்டை, பணப்பை மூன்றும். சில கப்பல்களில் கார்டுக்குப் பதில் கைப்பட்டை அல்லது நாணயம் போன்ற வில்லை. நீங்கள் பதிந்த கிரெடிட் கார்டோ டெபிட் கார்டோ அதன் பின்னால் நிற்கும். முதல் தவறு பெரும்பாலும் இந்தப் பதிவிலேயே நடக்கிறது: டெபிட் கார்டைக் கொடுப்பது.

கப்பல் உங்கள் கார்டில் பணம் எடுப்பது பொதுவாகப் பயண முடிவில் ஒரே ஒரு முறை. அதுவரை, செலவு ஏற ஏற அந்தந்தத் தொகையை வங்கியில் நிறுத்தி வைக்கும். இதைத்தான் ஹோல்ட் என்கிறார்கள். முதல் நாள் 120, இரண்டாம் நாள் 90, மூன்றாம் நாள் 200 டாலர் என்றால் மூன்று தனித்தனி ஹோல்ட், மொத்தம் 410. கடைசியில் 410 டாலருக்கு முறையான பில் வரும். பழைய ஹோல்ட்கள் உதிர்வதற்குச் சில நாள் ஆகும். சில வங்கிகளில் சில வாரம்கூட ஆகும். அதுவரை 820 டாலர் முடங்கிக் கிடக்கும். கிரெடிட் கார்டில் இது வரம்பு குறைவதோடு போய்விடும். டெபிட் கார்டில் உங்கள் சொந்தப் பணம் நிற்கும், வீட்டுக் கடன் தவணை திரும்பிப்போகும். வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டிலும் இதே கதை. ஆகவே கிரெடிட் கார்டைப் பதியுங்கள். கையில் டாலர் ரொக்கமோ ஃபாரெக்ஸ் கார்டோ இருந்தால் கடைசி நாளுக்கு முந்தைய மாலை ரிசப்ஷனில் அதைக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கலாம். பெரும்பாலான கப்பல்களில் வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்திய கார்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. 2020 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகத் தரும் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. வங்கிச் செயலியில் நீங்களே திறக்க வேண்டும். இதை வீட்டிலேயே செய்யுங்கள், தினசரி வரம்பையும் அப்போதே குறையுங்கள். நடுக்கடலில் ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். வருமா என்பதை நம்பி இருக்க முடியாது. அமெரிக்க நிறுவனக் கப்பல்களில், சிங்கப்பூரில் ஏறினாலும், கணக்கு பொதுவாக அமெரிக்க டாலரில்தான். "ரூபாயிலேயே போடட்டுமா?" என்று திரையோ ஊழியரோ கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதத்தில் அவர்கள் லாபம் உள்ளே இருக்கும். வெளிநாட்டு வணிகர் என்பதால் சில வங்கிகள் அதன் மேலும் ஒரு கட்டணம் பிடிக்கும். டாலரில் போட்டால், வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி பிடிக்கும் கூடுதல் கட்டணம் (மார்க்அப்) 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 4.13 சதவீதம். 540 டாலருக்கு ஏறக்குறைய 22 டாலர். அதோடு போகட்டும்.

டிப்ஸ் விஷயத்தில்தான் அதிகம் பேர் கொதிக்கிறார்கள். அமெரிக்கப் பாணிக் கப்பல்களில் ஆளுக்கு, நாளுக்குப் பெரும்பாலும் 16 முதல் 20 டாலர் வரை தானாக ஏறும். குழந்தைக்கும் உண்டு. நாலு பேர், நாலு நாள், 18 டாலர் என்றால் 288. டிக்கெட்டோடு முன்பே கட்டிவிட்டவர்களுக்கும் சில சமயம் கப்பலில் மறுபடி ஏறுகிறது. முதல் இரவே பார்த்தால் ஐந்து நிமிடத்தில் நீக்குவார்கள். சேவை உண்மையிலேயே மோசமாக இருந்தால் சில நிறுவனங்களில் இந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லலாம், சிலவற்றில் முடியாது. குறைக்க முடிகிற இடத்திலும் கப்பலில் இருக்கும்போதே சொல்ல வேண்டும். பணத்தை மிச்சப்படுத்த மட்டும் இதில் கைவைக்காதீர்கள், அறையைத் துடைத்தவர் வயிற்றில் அடிப்பதாகிவிடும்.

ஆனால் பாரில் நடக்கும் இரட்டை டிப்ஸ் வேறு. பானத்தின் விலையோடு 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதே சீட்டில் கீழே கூடுதல் டிப்ஸ் என்று ஒரு காலிக் கோடு, அதன் கீழே மொத்தம் என்று இன்னொரு காலிக் கோடு. வழக்கம்போல் பத்து சதவீதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் இரண்டாவது முறை கொடுக்கிறீர்கள். கொடுக்க விருப்பமில்லையா? டிப்ஸ் இடத்தில் குறுக்கே ஒரு கோடிழுங்கள், மொத்தத்தை நீங்களே எழுதுங்கள். காலியாக விட்டால் யார் வேண்டுமானாலும் எண் எழுதலாம்.

அன்லிமிட்டெட் பானப் பேக்கேஜுக்குக் கணக்குப் போடாமல் தலையாட்ட வேண்டாம். நாளுக்கு 70 டாலர் என்று விளம்பரம். 18 சதவீதம் சேர்ந்தால் 82.60. ஒரு காக்டெய்ல் 13 டாலர், சேவைக் கட்டணத்தோடு 15.34. தினமும் ஐந்தரை கிளாஸ் குடித்தால்தான் போட்ட பணம் திரும்பும், கரையில் சுற்றும் நாளும் சேர்த்து. பல நிறுவனங்களில் ஓர் அறையில் ஒருவர் வாங்கினால் மற்றப் பெரியவர்களும் வாங்கியாக வேண்டும். கணவர் குடிப்பார், மனைவி குடிக்கமாட்டார் என்ற நம் வீடுகளில் இது நேரடி நஷ்டம். பேக்கேஜ் பானத்தை அடுத்தவருக்கு வாங்கிக் கொடுத்து மாட்டினால் பேக்கேஜையே ரத்து செய்வார்கள். உணவுக்கூடத்தில் தண்ணீர், டீ, சாதா காபி இலவசம். அறையின் மேசைமேல் கழுத்தில் அட்டை தொங்கும் பாட்டில் இலவசம் அல்ல. பிள்ளைகள் கண்ணில் படும் முன் அதையும் மினிபார் பொருள்களையும் எடுத்துக்கொண்டு போகும்படி அறைப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளின் கார்டு. இது தனி ஆபத்து. வீடியோ கேம் இயந்திரங்கள் காசு கேட்பதில்லை, கார்டைத் தேய்த்தால் போதும். ஒரு ஆட்டம் ஒன்றிரண்டு டாலர். மழை பெய்யும் ஒரு மதியம் போதும் நூறைத் தொட. ஏறிய உடனே ரிசப்ஷனில் "இந்த இரண்டு கார்டிலும் செலவு செய்யும் அனுமதியை மூடுங்கள், கதவு மட்டும் திறக்கட்டும்" என்று சொல்லுங்கள். மூடவேண்டாம் என்றால் நாளுக்குப் பத்து டாலர் என்று வரம்பு வைக்கலாம். இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து போகும்போது எந்த அறையின் செலவு யார் கார்டில் விழுகிறது என்பதையும் அப்போதே கேளுங்கள். ஒரே ஆள் புக் செய்திருந்தால் எல்லா அறையும் அவர் கணக்கில் இணைந்திருக்க வாய்ப்புண்டு. மைத்துனர் குடித்த பில் உங்கள் கார்டில் வந்தபின் கேட்பது சங்கடம்.

ஸ்பாவில் மசாஜ் முடிந்து கண் சொருகிக் கிடக்கும்போது நீட்டும் சீட்டில் மசாஜ் கட்டணத்தோடு, உங்கள் தோலுக்கு அவசியம் என்று டிக் அடித்த எண்ணெயும் பொடியும் இருக்கலாம். கையெழுத்துக்கு முன் கண்ணைத் திறந்து படியுங்கள். ஸ்பா, ஓவிய ஏலம், நகைக்கடை பெரும்பாலும் வெளியார் குத்தகைக்கு நடத்துவது. வாங்கியபின் திருப்பிக் கொடுப்பது கடினம். ஏலத்தில் இலவச ஷாம்பெயின் கிடைக்கும், கூடவே ஏல விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷனும் உண்டு. நகைக்கடைப் பக்கம் இஞ்சுக் கணக்கில் தங்கச் சங்கிலி விற்பார்கள். அது முலாம். நம் ஊரில் தங்கத்தை எடை போட்டு வாங்குவது சும்மா இல்லை.

கேசினோவில் கப்பல் கார்டைச் சொருகிப் பணம் எடுத்தால் பல நிறுவனங்களில் 3 முதல் 5 சதவீதம் கட்டணம் சேரும். ஆடப்போவதில்லை என்றால் அந்த வசதியையே மூடச் சொல்லலாம். ஆடுபவர்கள் கார்டை இயந்திரத்திலேயே விட்டுவிட்டு எழுந்து போவது அன்றாடக் காட்சி.

கார்டு தொலைந்தால் உடனே ரிசப்ஷனுக்கு அறையிலிருந்தே போன் செய்யுங்கள். பழையதை முடக்கிப் புதியது தருவார்கள். ஸ்கேன் செய்தால் திரையில் உங்கள் படம் வரும் என்பது உண்மைதான், ஆனால் நெரிசலான பாரில் அதை யார் பார்க்கிறார்கள்? கார்டில் அறை எண் அச்சிடாமல் விடுவது பாதுகாப்புக்காக. அதை நீங்களே எழுதி ஒட்டாதீர்கள், பாரில் உரக்கச் சொல்லாதீர்கள், பெயரோடு அறை எண் உள்ள சீட்டை மேசையில் விட்டுவிட்டு எழாதீர்கள்.

கப்பல் ஏறும் முன்பே நடக்கும் திருட்டு இதைவிட மோசம். புக்கிங் எண், குடும்பப் பெயர், கப்பல், கிளம்பும் தேதி இருந்தால் பல தளங்களில் உங்கள் பயணத்தை வேறொருவர் தன் கணக்கில் இணைத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் குடும்பம் ஒன்று புக்கிங் எண் தெரியும் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டது; யாரோ அந்த எண்ணை வைத்து உள்ளே நுழைந்து, கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள். பெட்டியில் ஒட்டும் சீட்டின் படத்தையும் ஊர் திரும்பும்வரை போடாதீர்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடி முதலில் வருவதை அழைப்பதும் ஆபத்து. போலி ஏஜென்ட்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள். எண்ணை உங்கள் புக்கிங் ரசீதிலிருந்து எடுங்கள். நிறுவனத் தளத்துக்குத் தனிக் கடவுச்சொல் வையுங்கள். 2019-ல் கார்னிவல் என்ற குரூஸ் நிறுவன ஊழியர்களின் மின்னஞ்சலுக்குள் வெளியாட்கள் புகுந்ததில் சுமார் 1,80,000 பேரின் விவரங்கள், பாஸ்போர்ட் எண்ணும் கார்டு விவரமும் உட்பட, வெளியே போயின. 2022-ல் அமெரிக்க மாநிலங்களுடன் 12.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள்.

கப்பல் பில்லில் வராமல் வீட்டில் வந்து நிற்கும் செலவு செல்போன். கப்பலுக்குச் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் தனி நெட்வொர்க் உண்டு. நாடுவாரியாக வாங்கிய ரோமிங் பேக் பொதுவாக அதற்குச் செல்லாது. கரையை விட்டுக் கிளம்பும் முன் ஃபிளைட் மோடில் போட்டு, வை-ஃபையை மட்டும் திறந்துகொள்ளுங்கள்.

இனி தினசரி வேலை. இரவு படுக்கும் முன் அறை டி.வி.யிலோ கப்பல் செயலியிலோ கணக்கைத் திறந்து வரி வரியாகப் பாருங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இறங்கியபின் செயலியில் பல நேரம் இது திறக்காது. புரியாத வரி இருந்தால் மறுநாள் மதியம், கூட்டம் இல்லாத நேரத்தில், தேதி, நேரம், இடம், தொகை நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "கையெழுத்திட்ட சீட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். சீட்டு இல்லை, அல்லது கையெழுத்து உங்களுடையது இல்லை என்றால் அங்கேயே நீக்குவார்கள். நீக்கியதும் திருத்திய பிரதியை வாங்காமல் நகர வேண்டாம். கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்காமல் போனால், அங்கே சுற்றிப் பார்க்கக் கட்டிய கட்டணம் கணக்கில் திரும்பியதா என்றும் பாருங்கள். கப்பலில் செலவழிக்க நிறுவனம் சலுகையாகத் தரும் ஆன்போர்டு கிரெடிட் கிடைத்திருந்தால் அதில் இரண்டு வகை: ரொக்கமாகத் திரும்புவது, செலவழிக்காவிட்டால் கடைசி இரவோடு செத்துப்போவது. எது உங்களுடையது என்று முன்பே கேளுங்கள். கப்பல் மருத்துவரைப் பார்த்திருந்தால் அந்தத் தொகையும் இதே கணக்கில் விழும். காப்பீட்டுக்குத் தனி ரசீதும் மருத்துவக் குறிப்பும் இறங்கும் முன் கையில் இருக்க வேண்டும்.

இறங்கியபின் கார்டு ஸ்டேட்மென்டில் வந்த தொகையைக் கடைசித் தாளோடு ஒப்பிடுங்கள். மினிபார் சோதனை நீங்கள் வெளியேறியபின்தான் நடக்கும் என்பதால் சில டாலர் தாமதமாக ஏறலாம். தவறென்றால் ஸ்கிரீன்ஷாட்டோடு முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள், பிறகு வங்கியில் சார்ஜ்பேக், அதாவது அந்தத் தொகையைத் திருப்பித் தரக் கோரும் புகார். கார்டு விவரமே திருடுபோய் உங்களுக்குத் தெரியாத பரிவர்த்தனை என்றால் காத்திருக்கக் கூடாது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, மூன்றாம் தரப்பு மோசடியை மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால் ஓரளவு உங்கள் தலையில் விழும். அதற்கும் மேல் வங்கியின் கொள்கைப்படி. நீங்களே கையெழுத்திட்ட பார் பில்லுக்கு இந்த விதி உதவாது. நியாயமான பில்லுக்குச் சார்ஜ்பேக் போட்டால் அடுத்த முறை ஏறவிடாமல் தடுக்கும் நிறுவனங்களும் உண்டு.