நெஃபெஷ்: ஆத்துமாவா, உயிரா?

வாலிபர் வேதபாடத்தில் உபாகமம் 6:5ஐ விளக்கும் முறை எனக்கு வந்தபோது, ‘முழு ஆத்துமாவோடும்’ அன்புகூருவதைச் சொல்லும் இடத்தில் எபிரெயத்தில் நிற்கும் ‘நெஃபெஷ்’ என்னும் சொல்லை ஆத்துமா என்றே விடுவதா, உயிர் என்று மாற்றுவதா என்று இரண்டு வாரம் தயங்கி, முடிவில் உயிரைத் தேர்ந்துகொண்டேன்.

ஆத்துமா நம் ஜெபத்தில் ஊறிய சொல். ராகேல் இறக்கையில் நெஃபெஷ் பிரிந்தது என்றும், எலியா வேண்டியபோது சாறிபாத் விதவையின் மகனிடம் அது திரும்பியது என்றும் வேதமே சொல்வதை அதற்கு ஆதரவாகக் காட்டலாம். ஆனால் பிரிவதும் திரும்புவதும் தமிழில் உயிருக்கே இன்னும் இயல்பு.

எனக்குத் தீர்ப்பாக அமைந்தது தொண்டை. நெஃபெஷ் என்பதற்குத் தொண்டை என்றும் பொருள் உண்டு. ஏசாயா 5:14இல் பாதாளம் தன் நெஃபெஷை அகலமாக்கி வாயைப் பிளக்கிறது. சங்கீதம் 69இல் பழைய மொழிபெயர்ப்பு வெள்ளம் ‘ஆத்துமாமட்டும்’ பெருகுவதாகச் சொல்ல, பிற்காலத் தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘கழுத்தளவு’ என்கிறது. முதலாவதை உருவகமாகவே வாசித்துப் பழகிய நான், இரண்டாவதில்தான் மூச்சுமுட்டும் மனிதனைக் கண்டேன். விடாய்க்கும், பசிக்கும், சோறு கண்டு ஆறும் அந்தத் தொண்டையோடு சேர்த்து வாசித்தால், தேவன்மேல் தாகமாயிருக்கிறது என்னும் 42ஆம் சங்கீதத்து நெஃபெஷ் உடலை விட்டு விலகி நிற்கும் ஒன்றாகத் தெரியாது. அன்பும் தாகத்தைப் போல உடம்பிலேயே தொடங்கும். ஆதியாகமத்தில் மீனுக்கும் மிருகத்துக்கும் மனிதனுக்கும் ஒரே ‘நெஃபெஷ் ஹய்யா’தான் (உயிருள்ள நெஃபெஷ்), பழைய மொழிபெயர்ப்போ அவற்றை ஜீவஜந்துக்கள் என்றும் நம்மை ஜீவாத்துமா என்றும் பிரித்துவிட்டது.

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, உபாகமம் 6:5ஐ ‘அவர் உன் நெஃபெஷை எடுத்துக்கொண்டாலும்’ என்று விரிக்கிறது. யூத போதகரான ரப்பி அகிபாவின் சதையை ரோமர்கள் இரும்புச் சீப்புகளால் கிழித்தபோது, அவர் ஷெமாவை, அதாவது இவ்வசனத்துக்கு முன்னே வரும் ‘கர்த்தர் ஒருவரே’ என்னும் அறிக்கையைச் சொல்லி, ‘ஒருவரே’ என்னும் சொல்லை நீட்டியபடி இறந்ததாக, மிஷ்னாவின் விரிவுரையை உள்ளடக்கிய தல்மூத் கூறுகிறது. அங்கே அவரிடமிருந்து போனதை உயிர் என்றுதான் தமிழில் சொல்ல வரும்.

உயிரும் எல்லா இடத்திலும் பொருந்திவிடாது. எண்ணாகமம் 6:6இல் அதே சொல் பிணத்தைக் குறிக்கிறது. அகராதியை வைத்துக்கொண்டே எபிரெயம் வாசிப்பவன் என்பதால், கவிதைப் பகுதிகளில் என் தெரிவை அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். 103ஆம் சங்கீதத்தைத் திருவிவிலியம் ‘என் உயிரே’ என்று தொடங்குவது என் கணக்குப்படி சரிதான். ஆனாலும் காலை ஜெபத்தில் என் நாவு இன்னும் ‘என் ஆத்துமாவே’ என்றுதான் தொடங்குகிறது.