இணையத்தில் வாங்கிய மளிகையை எங்கே பெறுவது? சேவை முகப்பு, வாகன நிறுத்துமிடம், குளிர்ப்பெட்டகம் – ஓர் ஒப்பீடு

மலேசியாவில் டெஸ்கோ பேரங்காடி நிறுவனம் 2013இல் இணையவழி மளிகை விற்பனையைத் தொடங்கியது. ஆயினும் 18 மார்ச் 2020இல் கோவிட் பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பிறகுதான் கோலாலம்பூர்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் செயலியில் அரிசி பருப்பு வாங்குவது பழக்கமாயிற்று. வீட்டுக்கே கொண்டு வந்து தரும் சேவையைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. நாமே போய்ப் பெற்றுக்கொள்ளும் சேவையை யாரும் பொருட்படுத்துவதில்லை. வேலை முடிந்து திரும்பும் வழியில் பொருளை எடுத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கும், அடுக்குமாடியின் பாதுகாவலர் சாவடியில் பால் வெயிலில் கிடப்பதைக் கண்டு மனம் வெறுத்தவர்களுக்கும் இதுவே ஏற்ற வழி. அதனால்தான் இது சீராக நடக்கவேண்டும் என்பதில் எனக்கு இத்தனை அக்கறை.

இப்போது பரவலாக உள்ளது, அங்காடிக்குள் இருக்கும் வாடிக்கையாளர் சேவை முகப்பில் பெறும் முறை. சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம், மாலை ஆறு மணிக்கு என்று நேரம் குறித்து ஒரு பேரங்காடிக்குச் சென்றேன். பழுதான மின்விசிறியைத் திருப்பித் தர வந்தவர், உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்க வந்தவர், பணம் திரும்பக் கேட்டு வந்தவர் என எல்லாருக்கும் அதே ஒரு முகப்பு, அதே ஒரு பெண். முப்பத்தைந்து நிமிடம் கழித்துப் பின்னறையிலிருந்து வந்த பையில் உறைந்த இறால் இளகி நீர் விட்டிருந்தது. அந்த நீரில் கொத்துமல்லிக் கட்டு முழுவதும் ஊறிக் கிடந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலையிலேயே எடுத்து வைத்த பொருள்களை எல்லாம் ஒரே பையில் போட்டு, குளிர்பதனம் இல்லாத அறையில் மாலை வரை வைத்திருந்த ஏற்பாட்டில்தான் பிழை இருந்தது.

குளிரூட்டிய உணவை 4 பாகை செல்சியசுக்குள்ளும், உறைந்த உணவைக் கழித்தல் 18 பாகையிலும் வைத்திருக்க வேண்டும். 5 முதல் 60 பாகை வரை கிருமிகள் விரைந்து பெருகும். கெட்டுப்போகக்கூடிய உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கலாகாது என்றும், வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரமே எல்லை என்றும் அமெரிக்க வேளாண்மைத் துறை அறிவுறுத்துகிறது. கோலாலம்பூரின் பிற்பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் அந்த அளவை ஒட்டியே இருப்பதால், குளிர்பெட்டியை விட்டு வெளியே வந்த பொருள் எத்தனை நிமிடத்தில் நம் கைக்கு வருகிறது என்பதையே எந்த முறைக்கும் முதல் அளவுகோலாகக் கொள்கிறேன்.

இருப்பினும் முகப்புக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: பொருளைப் பார்த்து, வேண்டாததை அங்கேயே மறுக்கலாம். நாம் கேட்ட தயிர் இல்லாதபோது வேறொரு தயிரை வைத்துவிடுகிறார்கள். சில தயிர் வகைகளில் ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. ஹலால் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுக்கப்படுவது. சைவக் குடும்பத்துக்கும், மாட்டிறைச்சி தொடாத குடும்பத்துக்கும் இந்த மாற்று ஏற்புடையதன்று. இது அங்காடி ஊழியருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் முகப்பில் நிற்கும் நமக்குத் தெரியும்.

இரண்டாவது, வாகன நிறுத்துமிடத்துக்கே பொருளைக் கொண்டு வந்து தரும் முறை. பிரான்சில் ஓஷான் பேரங்காடி நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே இதைத் தொடங்கியது; இன்று அந்த நாட்டில் இது அன்றாட வழக்கம். இங்கே அதை அப்படியே கொண்டுவந்தால் இடறும். நம் பேரங்காடிகள் பல, வணிக வளாகங்களின் அடித்தளத்தில் இருக்கின்றன. நிலத்தடி இரண்டாம் தளத்தில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காது; 'வந்துவிட்டேன்' என்று செயலியில் அழுத்தினாலும் செய்தி போகாது. காத்திருக்கும் நேரத்துக்கு நிறுத்தக் கட்டணமும் நம் தலையில் விழுகிறது. ஒதுக்கப்பட்ட இடத்தில் வேறு யாரோ காரை விட்டுப் போயிருப்பார்கள். தரைத்தளத்தில், மாலை நான்கு மணி இடிமழைக்கு ஒதுங்கக் கூரையுள்ள இடமாகப் பார்த்து நான்கு கார்களுக்கு ஒதுக்கி, அந்த வாசலருகே ஒரு குளிர்பெட்டியும் ஓர் உறைபெட்டியும் வைத்து, மாலை ஐந்து முதல் எட்டு வரை அந்த ஒரு வேலைக்கென்றே ஒருவரை நிறுத்தினால் இந்தக் குறைகளில் பெரும்பாலானவை நீங்கும். மோட்டார் சைக்கிளில் வருபவர்களை இத்தகைய திட்டங்கள் மறந்தேபோகின்றன. இந்நகரில் அவர்கள் சிறு கூட்டமல்லர். அவர்களுக்கும் ஓரிடம் ஒதுக்கி, இருக்கைக்கு முன்னே மாட்டக்கூடிய சிறு பைகளாகக் கட்டித் தர வேண்டும்.

மூன்றாவதான குளிர்ப்பெட்டகம், கைப்பேசிக்கு வரும் எண்ணை அழுத்தினால் திறக்கும் அலமாரி. ஊழியர் தேவையில்லை, வரிசை இல்லை, இரவு பத்து மணிக்கும் எடுக்கலாம். எல்.ஆர்.டி. எனும் நகர இலகு ரயில் நிலையங்களின் வாசலில் இதை வைத்தால் கார் இல்லாதவர்களுக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் பத்து கிலோ அரிசி மூட்டையும் ஐந்து கிலோ எண்ணெய்ப் புட்டியும் பெட்டகத்தின் சிறு அறைக்குள் அடங்குவதில்லை. அடங்கினாலும் அவற்றைத் தூக்கிக்கொண்டு யார் ரயில் ஏறுவது? பிடிக்காத பொருளை மறுக்கவும் அங்கே ஆள் இல்லை. ஆகவே பெட்டகத்தில் வைப்பதற்கு முன்பே மாற்றுப் பொருளின் படத்தையும், உட்பொருள் பட்டியலின் படத்தையும் அனுப்பி ஒப்புதல் பெறவேண்டும். பதில் வராவிட்டால் அந்தப் பொருளை விட்டுவிட்டுப் பணத்தைத் திருப்ப வேண்டும். திரையில் மலாயும் ஆங்கிலமும் மட்டும் இருந்தால் போதாது. கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்சிலும் தமிழ் மட்டுமே சரளமாகப் படிக்கத் தெரிந்த மூத்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எட்டும் உயரத்தில் அறையும் கிடைக்க வேண்டும்.

குடியிருப்புப் பகுதியின் மளிகைக் கடையில் ஒப்படைக்கும் யோசனையும் உண்டு. கடைக்கார அண்ணனை நமக்குத் தெரியும் என்பதால் நம்பிக்கை இருக்கும். உலர்ந்த பொருள்களுக்கு அது போதும். மீனுக்கும் பாலுக்கும் அவரிடம் கூடுதல் குளிர்பெட்டி இராது.

என் தேர்வு, வாகனம் உள்ளவர்களுக்கு நிறுத்துமிடம். ரயிலில் போய்வருபவர்களுக்குப் பெட்டகம். எதுவாயினும், உலர்ந்தவற்றை முன்பே கட்டி வைத்து, குளிர்ந்தவற்றை வாடிக்கையாளர் கிளம்பிய செய்தி வந்த பின்னரே எடுத்துச் சேர்க்க வேண்டும். நிறுத்துமிடம், பெட்டகம் இரண்டையும் அமைக்கப் பணமும் காலமும் பிடிக்கும். அதுவரை முகப்பிலேயே இணைய வாடிக்கையாளருக்கென ஒரு தனி வரிசை, முழங்கால் வலியோடு வருபவர்கள் உட்கார இரண்டு நாற்காலிகள், பின்னறையில் ஓர் உறைபெட்டி ஆகியவற்றை எந்தப் பேரங்காடியும் அடுத்த மாதமே ஏற்பாடு செய்துவிடலாம்.