காலாவதியான பாஸ்போர்ட்: சாதாரண முறையா, தட்கலா?

காலாவதியான இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க விண்ணப்பிக்கும் வயதுவந்தவர், 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாயும், தட்கலில் கூடுதலாக 2,000 சேர்த்து 3,500 ரூபாயும் செலுத்த வேண்டும். இரண்டிலும் கிடைப்பது பத்தாண்டு செல்லுபடியாகும் அதே புத்தகம்தான். கூடுதல் பணம் வேகத்துக்கு மட்டுமே.

தட்கல் என்றால் போலீஸ் விசாரணையே இராது என்று பலர் நினைப்பது சரியன்று. பெரும்பாலும் விசாரணை பாஸ்போர்ட் கைக்கு வந்த பின்னர் நடக்கிறது; சாதாரண முறையிலோ, விசாரணை தேவைப்பட்டால் அது முடிந்த பிறகே அச்சுக்குப் போகிறது என்பதால், முகவரி மாறியவர்களுக்குக் காத்திருப்பு நீளும். தட்கலுக்கு ஆதார், வாக்காளர் அட்டை, பான் அட்டை போன்று பட்டியலில் உள்ள மூன்று ஆவணங்கள் வேண்டும். அவற்றில் பெயரின் எழுத்தோ இனிஷியலோ வேறுபட்டால், நம் ஊரில் அடிக்கடி நேர்வதுபோல, கோப்பு கவுன்ட்டரிலேயே நின்றுவிடலாம்.

எந்த முறையானாலும் பழைய பாஸ்போர்ட்டின் அசலையும், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் சுயசான்றொப்பமிட்ட நகல்களையும் கொண்டுசெல்ல வேண்டும். பயணத் தேதி நெருங்காதவர்கள் சாதாரண முறையிலேயே விண்ணப்பிக்கலாம். விசா நேர்காணலுக்கு நாள் குறித்துவிட்டவர்களுக்கு மட்டுமே தட்கல் செலவு நியாயமாகப்படுகிறது.