தொங்கு ரெபியூஜியம் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதை வாசியுங்கள்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முன்னறையில் 60 லீற்றர் உப்புநீர்த் தொட்டி ஒன்று இரண்டு வருடமாக இருந்தது. இரண்டு கோமாளி மீன், ஒரு இறால், கொஞ்சக் கல். தண்ணீர் முல்லைத்தீவுக் கடலில் கானில் அள்ளி வருவது. கொஞ்ச நாளாக நைத்திரேற்று, அதாவது மீன் கழிவால் தண்ணீரில் சேரும் அழுக்கு, 40 பிபிஎம்முக்கு மேலே நின்றது. தண்ணீர் மாற்றினால் இறங்கும், இரண்டு கிழமையில் திரும்ப ஏறிவிடும்.

மேசைக்குக் கீழே சம்ப், அதாவது தண்ணீரைச் சுத்தம் செய்யும் இரண்டாவது தொட்டி, வைக்க இடமில்லை. அதனால் பின்கண்ணாடியில் கொளுவுகிற ரெபியூஜியம் ஒன்று போட நினைத்தேன். சின்னப் பெட்டிதான். மோட்டர் தொட்டித் தண்ணீரை அதற்குள் ஏற்றும். உள்ளே இருக்கும் பாசி நைத்திரேற்றையும் பொஸ்பேற்றையும் உறிஞ்சி வளரும், வளர வளர வெட்டி எறிந்தால் அழுக்கும் அதோடு போய்விடும். மீன் நுழையாத இடமென்றபடியால் மீனுக்குத் தீனியாகும் கொப்பிபொட்டு என்ற மிகச் சின்ன உயிரிகளும் பெருகும். இரவில் அதற்கு விளக்குப் போட்டால் தண்ணீரின் பிஎச் (அமில, கார அளவு) இறங்குவதும் குறையும். நல்ல முறை, இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

கொழும்பில் இணையத்தில் விற்கும் ஒருவரிடம் பெட்டி, மோட்டர், விளக்கு, பாசி எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய்க்குப் பேசினேன். கீட்டோமோர்பா பாசிதான் வேண்டுமென்று இரண்டு தரம் சொன்னேன். படமும் அதைத்தான் போட்டிருந்தார். காசை வங்கியில் போட்டேன், பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை. பார்சல் பஸ்ஸில் வந்தது.

பையைப் பிரித்ததும் எனக்குச் சந்தேகம். கீட்டோ என்றால் சிக்குப்பட்ட தங்கூசி போல, வேரில்லாமல் ஒரே பந்தாகக் கிடக்கும். வந்ததிலோ ஓடுகிற தண்டு, அதில் சின்னச் சின்னப் பச்சை மணிகள், அடியில் வேர் போன்ற இழைகள். படமெடுத்து அனுப்பிக் கேட்டேன். "அது குட்டி, அண்ணை, வளர வளர நூலாகும்" என்றார். நம்பினேன்.

முதல் இரவே பெட்டி வழிந்தது. தண்ணீர் திரும்பும் வாயில் சீப்பு போன்ற தடுப்பு எதுவும் இல்லை, ஒரே ஓட்டைதான். பாசி அதில் போய் அடைத்துக்கொள்ள, மோட்டர் தன்பாட்டில் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. மோட்டரைத் தொட்டியின் அடியில் வைக்கச் சொன்னதும் அவர்தான். விடிய எழும்பிப் பார்த்தால் தொட்டியில் கால்வாசித் தண்ணீர் இல்லை, நிலமெல்லாம் உப்புத் தண்ணீர், கரண்ட் வயருக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது.

சீப்பை நானே வெட்டி ஒட்டினேன். மோட்டரை நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே உயர்த்தி வைத்தேன். அப்படி வைத்தால் அடைத்தாலும் மேல்தண்ணீர் மட்டும்தான் போகும். கரண்ட் நின்றால் பெட்டித் தண்ணீர் குழாய் வழியே தொட்டிக்குத் திரும்பி வழியாமல் இருக்க, பெட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்ன ஓட்டையும் போட்டேன். இதெல்லாம் விற்கிறவர் செய்து தரவேண்டிய வேலை.

மூன்றாவது கிழமை ஒரு காலை, தொட்டி பால் கலந்தது போல இருந்தது. பெட்டிக்குள் பாசி நிறமே இல்லாமல், ஊறிய இடியப்பம் மாதிரி. தொட்டதும் கரைந்தது. மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இறால் கல்லடியில் பக்கவாட்டில் கிடந்தது, மீசை மட்டும் நீரோட்டத்தில் ஆடியது. மத்தியானத்துக்குள் ஒரு மீனும் போய்விட்டது.

அந்தப் பாசி கோலெர்பா. அதற்கு இந்தக் குணம் உண்டு. திடீரென்று தன் உள்ளீடு முழுவதையும் இனப்பெருக்கத்துக்காகத் தண்ணீரில் விட்டுவிட்டுச் செத்துவிடும். உறிஞ்சி வைத்ததெல்லாம் திரும்பத் தண்ணீருக்குள் வரும், ஒட்சிசன் இறங்கும். 60 லீற்றர் தொட்டிக்கு அதைத் தாங்க வலுவில்லை. தெரிந்து வளர்க்கிறவர்கள் அடிக்கடி வெட்டுவார்கள், சிலர் நாள் முழுக்க விளக்கை எரிய விடுவார்கள். எனக்கு விற்றவர் விளக்கை இரவில் மட்டும் போடச் சொன்னார். கீட்டோவுக்கு அது பொருந்தும், அனுப்பியதோ வேறு.

திரும்பக் கூப்பிட்டேன். "உங்கட தண்ணியில பிழை" என்றார். அப்புறம் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

வாங்கப் போகிறவர்கள் காசு போட முன்னம் பாசியைத் தண்ணீருக்குள் வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மணியோ இலையோ தெரிந்தால் அது கீட்டோ இல்லை. பெட்டியில் தண்ணீர் நிரப்பி, திரும்பும் வாயைக் கையால் பொத்திக் காட்டச் சொல்லுங்கள், எங்கே வழிகிறது என்று பார்க்கலாம். எட்டு லீற்றர் பெட்டி என்றால் எட்டுக் கிலோவுக்கு மேல் பாரம் ஒரு கண்ணாடியில் தொங்குகிறது, கீழே தாங்கும் திருகாணி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பற்றுச்சீட்டு வாங்காமல் விடவேண்டாம்.

நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துப் பேசினேன். எழுத்தில் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். வட்ஸ்அப் பேச்சு, வங்கிச் சீட்டு, அந்தப் பாசியின் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

மிச்சமிருக்கிற ஒரு மீன் இப்போது வாளியில், காற்றுமோட்டரோடு இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் யாரிடமாவது உண்மையான கீட்டோ ஒரு பிடி இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.